பார்வை

ஞாயிற்றுக்கிழமை. கெமி துறைமுகத்தில்
பனி உடைக்கும் கப்பலுக்கும் விடுமுறை.
மூன்றாம் மாடியில் இர்மெலி மட்டும்
ஒரு பொய்க்குக் குடித்தனம் அமைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிம்பக் கோப்பு மேகத்துக்கு ஏறுகிறது.
எழுபத்தொரு சதவீதத்தில் நின்று மூச்சு வாங்குகிறது.
எந்த ஊர் மேகம் என்று கேட்கிறது திரை.
ஃபிராங்ஃபர்ட் என்கிறாள், அங்கே வாடகை குறைவு.
இரண்டு ஜிபி நினைவகம் போதும்;
நினைத்துக்கொள்ள அதற்கென்று ஒன்றும் இல்லை.

உள்வலையின் ஓரத்தில் ஒரு முகவரி.
ஃபயர்வாலில் இரண்டு போர்ட்டுகளை
யாரோ மூட மறந்ததுபோல் திறந்து வைக்க வேண்டும்.
மறதியைத் திட்டமிட முக்கால் மணி நேரம் ஆனது.
பச்சை விளக்கு எரிந்தது.
வெறும் வீடு. வெறும் வீட்டில் எந்தத் திருடன் நுழைவான்?

காட்டில் மானைப் பிடிக்கக் கட்டிப்போடும் மானுக்கு
நம் பழைய வேடர்கள் வைத்த பெயர் பார்வை.
கண் செய்வதற்கும் அதே சொல்தான்.
இர்மெலிக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது
ஆகஸ்டு கடைசியில் கணவன் ஏரியில் மிதக்கவிடும்
மரவாத்துகள். கழுத்துப் பச்சை கொஞ்சம் உரிந்திருந்தால்தான்
நிஜ வாத்து நம்பி இறங்கும் என்பான்.

ஆகவே உரித்தாள்.
பழைய சம்பளம் என்று ஒரு கோப்புறை,
அதற்குள் எழுத்துப்பிழைகளோடு ஒரு பட்டியல்,
பட்டியலில் பிறக்காத மனிதர்கள் நாற்பது பேர்.
ஒருவன்மேல் மட்டும் அவளுக்கு ஆசை கூடிப்போயிற்று:
அய்மோ லும்மே, கிரேன் மேற்பார்வையாளன்,
இருபத்திரண்டு ஆண்டு சர்வீஸ்,
முழங்கால் அறுவைக்கு ஆறு வாரம் விடுப்பு,
மாதம் நாலாயிரத்து நூற்றெண்பது யூரோ.
குத்துமதிப்பாகப் போட்ட எண்.

தேன் வைத்துப் பதினாறு நாள். ஓர் ஈ மொய்க்கவில்லை.

பதினேழாம் இரவு, இரண்டு நாற்பதுக்கு,
தலையணைக்கு அடியில் தொலைபேசி துடித்தது.
கடல் கடந்த கை ஒன்றை எதிர்பார்த்துத்தான் எழுந்தாள்.
முகவரியைப் படித்தாள்.
கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.
நான்காம் கப்பல்மேடை, கிரேன் அறைக் கணினி.
பயனர்: வெய்யோ பெல்க்கோனன்.
சொந்தப் பெயரில், சொந்தப் பாஸ்வேர்டில்.
எதையும் அழிக்கவில்லை, நகல் எடுக்கவில்லை.
ஒரே ஒரு கோப்பைத் திறந்து
பதினொரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் காப்பி இயந்திரத்தின் முன்னே
கோப்பையைக் கலக்கிக்கொண்டே நின்றான் வெய்யோ.
அதில் சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை.
"லும்மேன்னு ஒருத்தன். அவன் எந்த ஷிஃப்ட்?"
எந்த லும்மே?
"முழங்கால் ஆபரேஷன் ஆனவன். என் வேலைதான் அவனுக்கும்.
எனக்கு மூவாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு."
குரலில் கோபம் இல்லை, கழித்தல் கணக்கு இருந்தது.
மைனஸ் இருபத்தாறில் இரவெல்லாம்
கொள்கலன் இறக்கிவிட்டு வந்தவன்.
புருவத்தில் பனி இன்னும் உருகிக்கொண்டிருந்தது.

அறைக்குத் திரும்பி அறிக்கைப் படிவத்தைத் திறந்தாள்.
நாள், நேரம், முகவரி மளமளவென்று நிரம்பின.
ஊடுருவியவரின் நோக்கம் என்ற கட்டத்தில்
கர்சர் இமைத்துக்கொண்டே இருந்தது.
ஆர்வம் என்று எழுதி அழித்தாள்.
அநீதி என்று எழுதினாள். அநீதிக்கு ஒரே சாட்சி
தான் இட்டுக்கட்டிய ஆள் என்பது உறைக்க,
அதையும் அழித்தாள்.

வெளிச்சம் போக ஆரம்பித்தபோது, அதாவது மதியம் இரண்டுக்கு,
படிவத்தை ஓரம் தள்ளிவிட்டு
ஃபிராங்ஃபர்ட்டுக்குள் போனாள்.
பட்டியலைத் திறந்து
லும்மேயின் சம்பளத்தில் ஐந்நூறு யூரோ குறைத்தாள்.
இப்போது வெய்யோவைவிடப் பத்து யூரோ கம்மி.

மேசைமேல் தொலைபேசி துடித்தது.
யாரோ தொட்டிருக்கிறார்கள்.
பயனர்: இர்மெலி ரௌத்தியோ.